எறவாணத்து ஊசிகள்

படூர் சைட்டில் சுப்பிரமணிக்கு ஆபீசர் என்று பேர். பதவியால் வந்த பேரில்லை, சட்டையால் வந்தது. சித்திரை வெயிலில் கம்பி கட்டுகிறவன், ஜல்லி சுமக்கிறவன் எல்லாரும் பனியனைக்கூடக் கழற்றி மாட்டிவிட்டு வேலை பார்க்க, இவன் மட்டும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருப்பான். முதுகில் வியர்வை உப்பாகக் காய்ந்து கோடு கோடாகத் தெரியும்.

"ஆபீசர் கையெழுத்து போட வந்துட்டாருடா, சேர் எடுத்துப் போடு" என்பார் மேஸ்திரி.

எல்லாரும் சிரிப்பார்கள். சுப்பிரமணியும் சிரிப்பான். சிரிப்பதால் அவனுக்கு நஷ்டமில்லை. சட்டையைக் கழற்றினால்தான் நஷ்டம்.

சட்டைக்குள்ளே இரண்டு முழங்கையிலும் முதுகிலும் இடுப்பைச் சுற்றியும் தோல் திட்டுத் திட்டாகச் சிவந்து, அதன்மேல் வெள்ளைச் செதில் அடுக்கடுக்காக ஏறியிருந்தது. காலையில் பாயை உதறினால் மீன் ஆய்ந்த இடம் மாதிரி இருக்கும். அவன் பெண்டாட்டி சந்திரம்மா முகம் சுளிக்காமல் கூட்டித் தள்ளுவாள். அவள் முகம் சுளிக்காததுதான் அவனுக்கு அதிகமாக உறுத்தும். முதலில் தலையில்தான் வந்தது. கோவளத்தில் முடிவெட்டப் போன இடத்தில் கடைக்காரன் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போர்த்திய துண்டை உருவிக்கொண்டு, "அண்ணாத்த, கரண்ட் இல்ல, அப்பால வா" என்றான். அப்போது தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சந்திரம்மாதான் வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறாள்.

பிறகு விரல் வீங்கியது. ஒவ்வொன்றும் பூவன் பழம்போல ஆனது. சுத்தியல் பிடிக்க முடியவில்லை. காலையில் லுங்கி முடிச்சைக்கூட அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. கை போனால் சோறு போச்சு என்கிற நிலை வந்த பிறகுதான் அவன் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனான்.

டாக்டர் ஸ்ரீவத்ஸன் செதிலைக் கையாலேயே தொட்டுப் பார்த்தார். அவர் கையுறை இல்லாமல் தொட்டதில் சுப்பிரமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "இது குஷ்டம் இல்லை, யாருக்கும் தொத்தாது. சோரியாசிஸ்னு பேர். தோல்ல இருக்கிற அதே வியாதிதான் மூட்டுலயும் உக்காந்திருக்கு" என்றார். முதலில் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்ட நாளெல்லாம் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. அதனால் அதே மருந்தை ஊசியாக்கி, அவனே தனக்குப் போட்டுக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்கள். கற்றுக்கொடுத்தது பர்வதம் சிஸ்டர். ஈரமான ஸ்பாஞ்சுத் துண்டில் குத்தச் சொல்லி, கை நடுக்கம் நிற்கும்வரை விடவில்லை.

"வாரத்துக்கு ஒரே தடவை. சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான். சீக்கிரம் சரியாவட்டும்னு நடுவுல இன்னொன்னு போட்டீங்க, ரத்தம் ஊறுறதே நின்னுபோயிடும். மறுநாள் இந்த மஞ்ச மாத்திரை. குடி கூடவே கூடாது, கல்லீரல் போயிடும். காய்ச்சல் வந்தாலோ வாய்ல புண்ணு வந்தாலோ ஊசி போடாம நேரா இங்க வரணும். மாசாமாசம் ரத்தம் பாக்கணும். செதில் இருக்கிற எடத்துல குத்தக்கூடாது. போன வாரம் வலது தொடைன்னா இந்த வாரம் இடது." மூச்சு வாங்கிவிட்டு மேலே சொன்னாள்: "வூட்ல வாயும் வயிறுமா யாராச்சும் இருந்தா இந்த மருந்தை அவங்க தொடக்கூடாது, புள்ளைக்கு ஆகாது. போட்ட ஊசிய தடியான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி, அடுத்த தடவை இங்க எடுத்தாந்து குடுத்துடணும். எங்கயும் வீசக்கூடாது. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிச்சி சிஸ்டர்."

புரியாமல் செய்த தப்பென்றால் மன்னிக்க ஒரு வழி இருக்கும். அவனுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் கொல்லைப்புறத்தில் குளிக்கிற தட்டி மறைவில் கையைக் கழுவிக்கொண்டு, தொடையில் செதில் இல்லாத இடமாகப் பார்த்துப் போடுவான். நாள் தவறியதில்லை. குடியை அடியோடு விட்டான். "திருத்தணி முருகனுக்கு வேண்டிகினு கீறேன்" என்று ஒரு பொய் சொல்லிவைத்தான். சந்திரம்மாவின் தம்பி கருப்பன் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்து, "எந்த வருசத்து வேண்டுதல் மாமா அது? முருகனே மறந்துட்டு வேற வேலையப் பாத்துகினு கீறான்" என்று கிண்டல் செய்வான். ஆறு மாதத்தில் விரல் வற்றியது. சுத்தியல் மறுபடி கைக்கு வந்தது. செதிலும் பாதி உதிர்ந்து தோல் வெளுப்பாகத் தெரிந்தது. மருந்து தன் வேலையைச் செய்தது. இவன்தான் இவன் வேலையில் ஒன்றை விட்டுவிட்டான்.

முதல் இரண்டு மாதம் ஒழுங்காக டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டுதான் போனான். மூன்றாம் தடவை மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினால், பக்கத்து இருக்கையில் பக்கத்து வீட்டு ராமதாஸ். திருக்கழுக்குன்றம் திருப்பத்தில் பஸ் குலுங்கியபோது மடியிலிருந்த பை உருண்டு டப்பா கலகலவென்று சத்தம் போட்டது.

"இன்னாபா அது?"

"ஆணி அண்ணாத்த. சைட் ஆணி."

"ஆணியா? நாலு குடு. எங்க வாசக்கால் ஆடிகினு கெடக்குது."

"எண்ணிக் குடுத்தது அண்ணாத்த. மேஸ்திரி கொன்னுடுவான்."

"நாலு ஆணிக்கு இவ்ளோ பிகுவா!" என்று ராமதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகும் சுப்பிரமணி பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஊசியோடு பிடிபட்டவனைப் பற்றி ஊர் என்ன பேசும்? தெருவுக்குத் தெரு சுவரில் எய்ட்ஸ் விளம்பரம் எழுதிவைத்திருந்த காலம். ஊசி என்றால் ஒன்று போதைக்காரக் கூட்டம், இல்லையென்றால் அந்த நோவு. மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று யார் நம்புவார்கள்? அதோடு டப்பா எடுத்துப் போவதை நிறுத்தினான். வீட்டில் கேட்டால், "குடுத்துட்டேன்" என்பான். சிஸ்டர் கேட்டால், "அடுத்த தடவை மொத்தமா" என்பான்.

வேறு எங்கே போடுவது? நெம்மேலிக்கு மேற்கே இருக்கிற அந்தக் காலனியில் எல்லா வீட்டுக்கும் ஒரு இடம் உண்டு. கூரை இறங்கி முடிகிற எறவாணம். கை படக்கூடாதது, காலில் படக்கூடாதது, எறிய மனம் வராதது எல்லாம் அங்கேதான் செருகப்படும். அறுக்காமல் கிடக்கிற அரிவாள், மழுங்கின சவரத் தகடு, சவுரிக்காரன் வந்தால் பாத்திரத்துக்குப் போடலாம் என்று சுருட்டிவைத்த சிக்குமுடி. அவன் அப்பனும் பாட்டனும் கூரான சாமானை அங்கேதான் வைத்தார்கள். பாதுகாப்பான இடம் என்றே அவன் கைக்குத் தோன்றியது. ஊசி போட்டு முடித்ததும் தட்டிக்கு மேலேயே இருக்கிற கொல்லை எறவாணத்தில், கூரை வேய்ந்த தென்னங்கீத்து மடிப்புக்குள்ளே, ஊசிமுனை உள்ளே போகும்படி சொருகிவிடுவான். வெளியே ஒன்றும் தெரியாது. மூடிவிட்டதாகவே நினைத்தான்.

ஆனால் தென்னங்கீத்து இரண்டு மழைக்குத்தான் தாங்கும். ஐப்பசி நெருங்கும்போது மாற்றியே ஆக வேண்டும். கூரை வேய்வது கருப்பனின் தொழில். அக்கா வீட்டுக் கூரைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் சொல்லியிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் சீக்கிரம் வந்து ஊசிகளை எடுத்துவிடுவது என்று சுப்பிரமணி கணக்குப் போட்டிருந்தான். சனிக்கிழமைதான் சைட்டில் மேல்தளத்துக்கு கான்கிரீட் போட்டார்கள். கலவை கொட்ட ஆரம்பித்துவிட்டால் முடியாமல் யாரும் இறங்க முடியாது. பலகை பிதுங்கினால் முட்டுக் கொடுக்க, பலகை அடித்தவன் கீழேயே நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து விழுந்தவன் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினான். கண் விழித்தபோது முகத்தில் வெயில் விழுந்தது. மேலே கூரை இருந்த இடத்தில் வானமும், வானத்துக்கு நடுவில் கருப்பனின் இரண்டு காலும் தெரிந்தன.

"எந்திரி மாமா! ஆபீசருக்கு லீவு நாளா?" என்று மேலிருந்து கத்தினான் கருப்பன். "நடு வூட்ட முடிச்சிட்டேன். கொல்லப்பக்கம் பிரிச்சிகினு கீறேன்."

சுப்பிரமணி பாயிலிருந்து எழுந்தோடினான். அவன் கொல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் எறவாணம் பாதி பிரிந்திருந்தது. மக்கின கீத்தைக் கருப்பன் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கீழே தள்ள, ராமதாஸ் கீழே நின்று வாரிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கருப்பா, எறங்கு. நாஸ்தா துன்னுட்டு செய்யலாம்."

"துன்னாச்சி. அக்கா இட்லி குடுத்திச்சி. நீ தள்ளி நில்லு, கண்ணுல தூசி வுழப்போவுது."

"எறங்குடா, நான் பிரிக்கறேன்."

"சட்டை அழுக்காயிடும் ஆபீசர்" என்று சொல்லிக்கொண்டே எறவாணத்து மடிப்புக்குள் கையை விட்டவன், "ஸ்… யம்மா!" என்று கையை உதறினான்.



"இன்னாடா?" என்றார் ராமதாஸ்.

"மூங்கி சிலாம்பு ஏறிடிச்சி போலகீது." கருப்பன் ஆள்காட்டி விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினான். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சிலாம்பு உள்ள இல்லியே மாமா. பொட்டு ரத்தம்தான் வருது."

அந்த இடத்தில் வாய் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். 'ஊசிடா, கைய சோப்பு போட்டுக் கழுவு' என்கிற ஒரே வரி. ராமதாஸ் பக்கத்தில் நின்றார். சுப்பிரமணி மூங்கிலைப் பார்த்தான்.

"சிலாம்புதான்டா. மூங்கி பழசு. அதுவே வெளிய வந்திருக்கும்."

அந்தப் பொய் அவனுடைய வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. சந்திரம்மா கொஞ்சம் சுண்ணாம்பைக் கொண்டுவந்து தம்பியின் விரலில் வைத்தாள். கருப்பன் மறுபடி ஏறினான். மறுபடி கையை விட்டு அள்ளினான். ஒவ்வொரு தடவை அந்தக் கை கீத்துக்குள் போகும்போதும் சுப்பிரமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். வேறொன்றும் செய்யவில்லை. கீழே விழுந்த குவியலை மத்தியானம் யாரும் இல்லாதபோது ஒதுக்கிப் பொறுக்கிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. மச்சான் விரலில் ரத்தம் வருகிறபோது இவனுக்குக் கணக்கு வந்தது.

பழைய கீத்தை யாரும் வீணாக விடுவதில்லை. வெந்நீர் அடுப்புக்கு அது நல்ல விறகு. கூரை பிரிக்கிற வீட்டுக்கு உறவுப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும் வந்து ஆளுக்கொரு கட்டு கொண்டுபோவார்கள். வெயில் ஏறியபோது கருப்பனின் பெண்டாட்டி சிநேகா வந்தாள். நாலாம் மாதம். வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை, முகம் மட்டும் மஞ்சளாக மினுங்கியது.

"அண்ணி, எனக்கு ரெண்டு கட்டு. குளிச்சா ஒடம்பு வெடவெடங்குது, வெந்நி போடணும்."

"நீ தூக்காத, அவன் வந்து போடுவான்" என்றாள் சந்திரம்மா.

"இதுல இன்னா வெயிட்டு கீது? காத்துதான் கீது" என்று சொல்லிக்கொண்டே சிநேகா சும்மாடு சுற்றித் தலையில் வைத்தாள். ராமதாஸ் கொல்லைப்பக்கக் கட்டைத் தூக்கிக் கொடுத்தார். அவள் இரண்டு கையையும் உயர்த்தி, பிரிந்து தொங்குகிற கீத்தை விரலால் உள்ளே செருகிச் சரிசெய்தாள். கழுத்தோரமாக ஒரு கத்தை ஓலை தொங்கியது.

புள்ளைக்கு ஆகாது என்று சிஸ்டர் சொன்னது சுப்பிரமணியின் மண்டைக்குள் ஓங்கி அடித்தது. மச்சானுக்குத் திறக்காத வாய் இப்போது தானாகத் திறந்துகொண்டது. அப்போதும் நிஜம் வரவில்லை.

"பாம்பு! கீழ போடும்மா! நல்ல பாம்பு கீது அதுல!"

சிநேகா அலறிக் கட்டை எறிந்துவிட்டு ஓடினாள். அவ்வளவோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பாம்பென்றால் அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது. ராமதாஸ் மூங்கில் கழியை எடுத்துக் கட்டின்மேல் ஓங்கி ஓங்கி அடித்தார். கயிறு அறுந்தது, கீத்து சிதறியது. கழி முனையால் கிளறித் தூக்கி எறிந்தார். மணலில் அங்கேயும் இங்கேயும் என்னவோ பளபளவென்று தெறித்து விழுந்தன.

"எங்கடா பாம்பு?" என்று குனிந்தவர், நிமிரவில்லை. கழியால் ஒன்றை உருட்டினார். "இன்னாடா இது… ஊசி. தோ இன்னொன்னு. தோ இங்கயும்." மெல்லத் திரும்பி சுப்பிரமணியைப் பார்த்தார். "பஸ்ல ஆணின்னு சொன்னியே, அது இதுதானா?"

கருப்பன் கூரையிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தான். மணலில் கிடந்ததைப் பார்த்தான். பிறகு தன் விரலைப் பார்த்தான். சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது.

"மாமா, இது இன்னா ஊசி?"



"போதை ஊசி போடறியா?" என்றார் ராமதாஸ். "இல்ல சுவத்துல எழுதிகீறானே, அந்த நோவா? வாயத் தொறந்து சொல்லுப்பா, புள்ளத்தாச்சிப் பொண்ணு தலையில ஏத்திவுட்டேன் நான்."

சந்திரம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவளுக்கு ஊசி தெரியும், அது கிடந்த இடம்தான் தெரியாது. "ஏன்யா, ஆஸ்பத்திரில குடுத்துட்டேன்னுதான சொன்ன?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். மணிக்கட்டுப் பொத்தான் வரவில்லை, பிய்த்தான். சட்டையை உருவித் தரையில் போட்டுவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். ஊரார் பார்த்துப் பல வருஷமான முதுகு.

"இதுதான். தோல்லயும் மூட்டுலயும் வர்ற நோவு. சோரியாசிஸ்னு பேரு. இதுக்குத்தான் ஊசி. வேற ஒன்னும் இல்ல. யாருக்கும் தொத்தாது. டாக்டர் கையால தொட்டுப் பாத்தாரு."

சிநேகா ஒரு அடி பின்னால் போனதை அவன் பார்த்தான். அவள் வேண்டுமென்று போகவில்லை, கால்தான் போனது. அதையும் பார்த்தான்.

"உனக்கு எங்கயாச்சும் குத்திச்சாம்மா?"

"இல்லண்ணா" என்றாள். கையையும் கழுத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டாள். "மெய்யாலுமே இல்ல."

"சோப்பு போட்டுக் கழுவு. கைய, கழுத்த, எல்லாம். தலைக்கும் ஊத்திக்க. சந்திரா, கூட்டிகினு போ. கருப்பா, நீயும் கழுவு. பெரியாஸ்பத்திரி போலாம் வா. இப்பவே."

கருப்பன் அவன் முதுகைப் பார்க்கவேயில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செங்கல்பட்டு பஸ்ஸில் இரண்டு பேரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்தார்கள். சுப்பிரமணி சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான், ஒரு கை மட்டும் பொத்தான் இல்லாமல் தொங்கியது. அவசரப் பிரிவில் அன்றைக்குப் பர்வதம் சிஸ்டருக்கு டூட்டி. கேட்டுவிட்டு அவள் முகம் இறுகியது. முதலில் கருப்பனின் விரலைக் குழாயில் பிடித்துக் கழுவினாள்.

"குத்தின உடனே இன்னா பண்ணீங்க?"

"வாயில வச்சி உறிஞ்சினேன். அக்கா சுண்ணாம்பு வச்சிச்சி."

"சுண்ணாம்பு வைக்க அது வெரலா, வெத்தலையா? உறிஞ்சக்கூடாது, நசுக்கக்கூடாது. சோப்பு, ஓடுற தண்ணி, அதோட நேரா ஆஸ்பத்திரி. வேற வைத்தியம் கிடையாது." அவள் பஞ்சால் ஒற்றினாள். "எப்ப குத்திச்சி?"

"காலைல. எட்டு மணி இருக்கும்."

"இப்ப மணி ரெண்டு. இவ்ளோ நேரம் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

சுப்பிரமணி தரையைப் பார்த்தான். அவன்தான் பதில் சொல்ல வேண்டியவன். வாயைத் திறந்தான். அதற்குள் கருப்பன் பேசிவிட்டான்.

"சிலாம்புன்னு நெனச்சிட்டேன் சிஸ்டர். என் தப்புதான்."

சிஸ்டர் நம்பிவிட்டாள். சுப்பிரமணிக்கு அங்கேயே நிலம் பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது. ஊரார் முன்னால் சட்டையைக் கழற்றியது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்நியர் முன்னால் வீட்டு மனுஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று மச்சான் நினைத்துவிட்டான். மச்சானை விட்டுக்கொடுக்க இவனுக்கு ஒரு கணமும் ஆகவில்லை.

"இல்ல சிஸ்டர்" என்றான். "ஊசின்னு எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல. சிலாம்புன்னு நான்தான் சொன்னேன்."

பர்வதம் சிஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டாமல் இரண்டு பேர் கையிலும் ரத்தம் எடுத்தாள். மருந்து தொடங்கும் முன்னால் அவனுக்கு எடுத்த பழைய பரிசோதனையில் எந்தத் தொற்றும் இல்லை, ஆனாலும் மறுபடி பார்த்துவிட வேண்டும், நாளைக்கு வாங்க என்றாள். கருப்பனுக்குத் தடுப்பூசி போட்டாள். ஒரு தடியான மஞ்சள் டப்பாவை எடுத்து சுப்பிரமணி முன்னால் வைத்தாள்.

"கூரையில இருந்தது அத்தனையும் இதுல இருக்கணும். கையால எடுக்காதீங்க, இடுக்கியால எடுங்க. மூடி போட்டு எடுத்தாங்க. எத்தனை பேரு பாத்தாலும் பரவால்ல, கையில தூக்கிகினு வாங்க."

வெளியே வேப்பமரத்தடியில் டீ விற்றுக்கொண்டிருந்தார்கள். சுப்பிரமணி இரண்டு டீ வாங்கி ஒன்றை நீட்டினான். கருப்பன் வாங்கவில்லை.

"உனக்கு நோவு வந்தத சொல்லலன்னு எனக்குக் கோவம் இல்ல மாமா. யார்தான் சொல்லுவாங்க? உங்கூட ஒரு தட்டுல துன்னவன் நான். சொல்லியிருந்தாலும் துன்னிருப்பேன்." நிறுத்தினான். "நான் மேல இருந்து கேட்டேன். நீ கீழ நின்னுகினு, 'சிலாம்புதான்டா'ன்னு சொன்ன. சொல்லிட்டு என்ன மறுபடியும் கைய வுட வச்ச. அத நெனச்சாத்தான் மாமா…"

முடிக்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். சுப்பிரமணி இரண்டு டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். டீ ஆறிப்போன பிறகு டீக்காரர் கேட்டுத்தான் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. சுப்பிரமணிக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு இல்லாதது கருப்பனுக்கு அவனிடமிருந்து வராது, பயப்பட வேண்டாம், எதற்கும் சில வாரம் கழித்து இன்னொரு தடவை வந்து பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் ஸ்ரீவத்ஸன் சொன்னார். கருப்பன் தலையை ஆட்டினான். கன்னத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது, ஆனால் அது டாக்டரைப் பார்த்துத்தான்.

கூரை பாதியில் கிடந்தது. அன்றைக்கு ராத்திரி பெய்த மழையில் கொல்லைப்பக்கத்து அறை நனைந்து, சந்திரம்மா பாத்திரங்களை எல்லாம் முன்னறைக்கு மாற்றியிருந்தாள். கருப்பன் வரமாட்டான், வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்று சுப்பிரமணி நினைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை காலை கருப்பன் வந்தான். வாசலில் நின்று, "அக்கா, புதுக் கீத்து எங்க போட்டு வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு நேராகக் கூரைக்கு ஏறினான். சுப்பிரமணியிடம் ஒன்றும் பேசவில்லை.

சுப்பிரமணி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரியிடம் கேட்டு சைட்டிலிருந்து மணல் சலிக்கிற பெரிய சல்லடையைக் கொண்டுவந்திருந்தான். சிதறிக் கிடந்த பழைய கீத்தை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து ஒதுக்கினான். அதன் பிறகு கொல்லையில் சல்லடையைச் சாய்த்து நிறுத்தி, மண்வெட்டியால் மணலை வாரி வாரி எறிந்தான். மணல் கீழே இறங்க, கிளிஞ்சலும் கரித்துண்டும் ஊசியும் கம்பியில் தங்கின. காலில் சைட்டுக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ். புழுக்கம் தாங்கவில்லை. சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான். இனி யாருக்காக அதைப் போட்டுக்கொண்டிருப்பது?

வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு நின்று அவன் முதுகைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவன் காது சுட்டது. திரும்பி நிற்கலாமா என்று தோன்றியது. நிற்கவில்லை. ராமதாஸ் வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வூட்டுக்கும் ஒரு கட்டு போயிருக்குது. அப்படியே போட்டு வச்சிருக்கேன், யாரையும் தொட வுடல. வந்து பாத்துக்க" என்றார். சுப்பிரமணி தலையை ஆட்டினான். போகவேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய், 'எங்க வூட்டுக் கீத்துல ஊசி கீது' என்று சொல்லவேண்டும். அதை நினைக்கும்போதே மண்வெட்டி கனத்தது.

மேலே கருப்பன் கீத்தை மடித்து மூங்கிலில் வைத்துக் கயிற்றால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். கயிறு இறுகும் சத்தமும் சல்லடையில் மணல் விழும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. கருப்பன் எறவாணத்துப் பக்கம் வந்தபோது கயிறு நின்றது. சுப்பிரமணி நிமிரவில்லை.

"அக்கா!" என்று கூரையிலிருந்து குரல் வந்தது.

சந்திரம்மா வெளியே வந்தாள். "இன்னாடா?"

"உம் புருசங்கிட்ட சொல்லு. முருங்கை மரத்துக்கு அந்தாண்ட ஒன்னு மின்னுது. மேலருந்து பாத்தாதான் தெரியுது."

சந்திரம்மா சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத தூரத்தில்தான் அவன் நின்றிருந்தான். சுப்பிரமணி இடுக்கியையும் மஞ்சள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனான். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"இன்னும் இந்தாண்ட வரச் சொல்லுக்கா. கால்கிட்ட."

அவன் குனிந்தான்.